சிப்பாய் பொம்மையும் சாம்பல் வர்ணமும்

இரண்டாம் உலக யுத்தத்தில் துப்பாக்கி ஏந்திய ஜெர்மானியச் சிப்பாய் ஒருவனை இரண்டு அங்குல உயரத்துக்குக் குறுக்கிப் பிளாஸ்டிக்கில் வார்த்து, கைவேறு கால்வேறாகப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். அவனை ஒட்டி நிறுத்தி, நுனி மெலிந்த தூரிகையால் வர்ணம் தீட்டி அலமாரியில் வைப்பதைப் பொழுதுபோக்கு என்பதைவிட ஒரு விரதம் என்று சொல்லத்தக்க சிரத்தையோடு கைக்கொண்டவர்கள் பல தேசங்களிலும் உண்டு. சட்டைப் பையின் மடிப்பு எத்தனை, பித்தான் எத்தனை, இடுப்புவாரில் ரொட்டிப் பை எந்தப் பக்கம் தொங்கியது என்பதையெல்லாம் பழைய புகைப்படங்களோடு ஒத்துப் பார்த்து நிச்சயம் செய்துகொள்ளும் அவர்கள், ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இன்றுவரை ஒருமித்த அபிப்பிராயத்துக்கு வந்தபாடில்லை. அது அந்தச் சட்டையின் நிறம். ‘ஜெர்மன் ஃபீல்ட் கிரே’ என்று சீட்டு ஒட்டிய புட்டிகளை இரண்டு கம்பெனிகளிடமிருந்து வாங்கி ஒரே வெள்ளை அட்டையில் அடுத்தடுத்துத் தடவிப் பார்த்தால், ஒன்று பச்சையின் பக்கமும் மற்றொன்று நீலச் சாம்பலின் பக்கமும் சாய்ந்து நிற்கும். மூன்றாவது புட்டி ஒன்றையும் வாங்கிவிட்டால் குழப்பம் பூர்த்தியாகிவிடும். இவற்றுள் மெய்யான நிறம் எது?

பொம்மைக்குப் பூசும் வர்ணத்தைப் பற்றிய அற்பக் கேள்வி என்று இதைத் தள்ளிவிட நினைப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். இதற்கு விடை தேடிப் புறப்படுகிறவன், சாயப்பட்டறையின் ரசாயனத்திலிருந்து ஒளியின் சாஸ்திரத்துக்கும், அங்கிருந்து கண்ணின் இயல்புக்கும் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஜெர்மானியர் ‘ஃபெல்ட்கிராவ்’ என்று வழங்கிய இந்த நிறத்தை நாம் களச் சாம்பல் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரஷ்யக் காலாட்படை அணிந்திருந்தது கருநீலச் சட்டை. பழைய கரிமருந்துத் துப்பாக்கிகள் வெடித்த மாத்திரத்தில் போர்க்களம் முழுவதும் வெண்புகை மண்டிவிடுமாதலால், தன்னவன் யார், பகைவன் யார் என்று அந்தப் புகையினூடே கண்டுகொள்வதற்கே பளிச்சென்ற உடுப்பு வேண்டியிருந்தது. 1880களில் பிரெஞ்சுக்காரர் புகையில்லாத வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும் நிலைமை தலைகீழாயிற்று. திரை விலகிய களத்தில், துப்பாக்கிகளும் முன்னைவிட வெகுதூரம் குறி தவறாமல் சுடத் தொடங்கிவிட்டபடியால், பளிச்சென்ற சட்டை எதிரிக்கு இலக்காக நின்றது. ஜெர்மானியர் 1907இல் களச் சாம்பல் உடுப்பைப் பரீட்சித்துப் பார்த்து, 1910இல் படை முழுவதற்கும் உரியதாக ஏற்றார்கள். வேட்டைப் படையினர் என்ற ஒரு பிரிவினருக்கு மட்டும் இன்னும் பச்சை கூடிய ஒரு சாயல் விதிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரரோ 1914இல்கூடச் சிவப்புக் கால்சட்டையுடன் யுத்தத்துக்குப் போய், பட்ட பிறகு 1915இல் வெளிர் நீலத்துக்கு மாறினார்கள்.

ஆகவே இந்த நிறம் பிறந்தபோது அதனிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒன்றே: தூரத்தில் கண்ணுக்குப் படாமல் இருக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு சாயலோடு மயிரிழை பிசகாமல் பொருந்தவேண்டும் என்பது அன்று யாருடைய கவலையும் அல்ல. டாங்கிகளின் கதை வேறு. ஜெர்மனியில் 1925இல் அமைந்த ஒரு தர நிர்ணயக் குழு, 1927இல் நாற்பது வர்ணங்களை எண்ணிட்டு அட்டைகளாக வெளியிட்டது. ‘ரால்’ எண்கள் என்று இன்றும் உலகெங்கும் பெயிண்ட் வியாபாரத்தில் வழங்குபவை அவற்றின் சந்ததிதான். டாங்கிக்குப் பூசவேண்டிய வர்ணம் 1943 பிப்ரவரியில் கருஞ்சாம்பலிலிருந்து கருமஞ்சளுக்கு மாற்றப்பட்டபோது, எந்த அட்டையோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பதற்கு ஓர் எண் இருந்தது. டப்பாவில் வரும் பெயிண்டுக்கு இது சரி. கம்பளித் துணி டப்பாவில் வருவதில்லை. ஆட்டின் மேலிருந்து வருகிறது, ஒவ்வொரு மயிரும் சாயத்தைத் தன் போக்கில் குடிக்கிறது. சட்டைக்கு ரால் எண் கேட்கும் அன்பர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

அசல் சட்டையிலிருந்து கிடைத்த துணுக்கொன்றைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சாதாரணமாகப் பார்க்கையில் ஒரே சீரான பச்சைச் சாம்பலாக இருந்த துணி, கண்ணாடியின் அடியில் வெளிர் சாம்பல், பச்சை, நீலம், இடையிடையே மஞ்சள் என்று பல நிற மயிர்கள் பின்னிக் கிடக்கும் ஒரு புதராகிவிடுகிறது. களச் சாம்பல் என்று சொல்லத்தக்க மயிர் ஒன்றைத் தனியே பிடுங்கிக் காட்டுவது கஷ்டம். நூற்பதற்கு முன்பே கம்பளி மயிரைப் பகுதி பகுதியாக வெவ்வேறு சாயங்களில் தோய்த்து, பிறகு குறித்த விகிதத்தில் கலந்து நூற்று நெய்ததன் விளைவு அது. கம்பளி மயிரின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் 50இல் ஒரு பங்கு முதல் 25இல் ஒரு பங்கு வரை இருக்கும். ஓரடித் தூரத்தில் வைத்துப் பார்க்கும் நல்ல கண்ணுக்கோ, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை விடச் சிறிய விவரம் பிரிந்து தெரியாது. பிரித்தறிய முடியாதவற்றைக் கண் சராசரியாக்கிக்கொள்கிறது. அந்தச் சராசரிதான் நாம் காணும் நிறம்.

இங்கே தூரிகைக்காரர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. நீல இழையையும் மஞ்சள் இழையையும் அடுத்தடுத்து வைத்துக் கண் சராசரி எடுத்தால் கிடைப்பது பெரும்பாலும் சாம்பல். ஏனெனில் இழைகள் தனித்தனியே அனுப்பும் ஒளிகள் கண்ணில் வந்து கூடுகின்றன, நீல ஒளியும் மஞ்சள் ஒளியும் கூடினால் வெண்மையை நெருங்கும். நீலப் பெயிண்டையும் மஞ்சள் பெயிண்டையும் தட்டில் குழைத்தால் கிடைப்பது பச்சை. ஏனெனில் அங்கே ஒவ்வொரு நிறமியும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிட, இரண்டும் விழுங்காமல் விட்ட மிச்சம் மட்டுமே வெளிவருகிறது. முன்னதைக் கூட்டல் கலப்பு என்றும் பின்னதைக் கழித்தல் கலப்பு என்றும் சொல்லலாம். துணியில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் கிடப்பதால் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன. எனவே, துணியில் இருந்த சாயங்களின் பட்டியல் முழுவதும் கையில் கிடைத்தாலும், அவற்றை அப்படியே தட்டில் குழைத்து அந்தத் துணியின் நிறத்தைப் பெற்றுவிட முடியாது. கலவை இருண்டும் பச்சை மிகுந்தும் போய்விடும். கறுப்பும் வெள்ளையும் சிறிது காவியும் சேர்த்து அதை மறுபடி சாம்பலுக்கு இழுத்து வரவேண்டியிருப்பது இதனால்தான்.

இனி யுத்த வருஷங்கள். 1936ஆம் ஆண்டு மாதிரிச் சட்டை நல்ல கம்பளியில், கரும்பச்சைக் காலர் வைத்துத் தைக்கப்பட்டது. அதற்குத் துணையாக வந்த கால்சட்டை கல்சாம்பல் என்ற வேறு நிறம். யுத்தம் மூண்டு 1940 வந்ததும் கால்சட்டையும் களச் சாம்பலாயிற்று, காலரின் கரும்பச்சை போய்ச் சட்டைத் துணியே காலராயிற்று. 1943ஆம் ஆண்டு மாதிரியில் பையின் மடிப்பும் மறைந்தது. இவை கண்ணுக்குத் தெரிந்த சிக்கனங்கள். தெரியாத சிக்கனம் துணிக்குள்ளே நடந்தது. ஜெர்மனிக்குக் கம்பளி வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்ததால், முற்றுகை இறுக இறுக, மரக்கூழிலிருந்து செய்த ரேயான் இழையும், பழந்துணியைப் பிய்த்து மறுபடி நூற்ற கம்பளியும் மேன்மேலும் கலக்கப்பட்டன. கம்பளி புரதப் பொருள், ரேயான் செல்லுலோஸ். ஒன்றில் ஆழமாகப் பற்றும் சாயம் மற்றொன்றில் மேலோடு நின்றுவிடும், அல்லது பற்றாமலே போகும். பழங்கம்பளியோ தன் பூர்வஜன்மத்து நிறத்தை முற்றிலும் துறப்பதில்லை. ஆகவே ஒரே உத்தரவின்கீழ் பல ஆலைகள் நெய்த துணி, ஆலைக்கு ஆலையும் வருஷத்துக்கு வருஷமும் வேறுபட்டது. 1944இல் வந்த குட்டைச் சட்டைக்கு, பழுப்பு கலந்த ஒரு புதிய சாயலே விதிக்கப்பட்டது. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்த பின்பு, அங்கே கைப்பற்றிய இத்தாலியத் துணியிலும் சட்டைகள் தைக்கப்பட்டன. ஆபீஸர்களோ தங்கள் உடுப்பைச் சொந்தத் தையற்காரரிடம் தைத்துக்கொண்டவர்கள். அவரவர் மடிக்கனத்துக்கும் ருசிக்கும் தக்கபடி துணி.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், களச் சாம்பலை ஒரு புள்ளியாக நினைப்பதே பிழை என்றும், சுற்றி வேலி போடப்பட்ட ஒரு பிரதேசம் என்று அதைக் கொள்வதே தகும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிரதேசத்தில் பச்சைக்கும் இடமுண்டு, நீலச் சாம்பலுக்கும் இடமுண்டு, பழுப்புக்கும் ஒரு மூலை உண்டு. அப்படியானால் எந்தப் புட்டியும் சரிதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை, வேலி இருக்கத்தான் செய்கிறது. அதன் எல்லையை எப்படி அறிந்தார்கள் என்பதில்தான் இந்த விசாரணையின் சுவை.

அதற்கு முன்னால் ஒளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நிறம் என்பது வஸ்துவில் உறைந்திருக்கும் குணம் என்று நாம் பேச்சு வழக்கில் கொள்கிறோம். வஸ்து செய்வது ஒன்றுதான்: தன்மீது விழும் ஒளியில் சில அலைநீளங்களை அதிகமாகவும் சிலவற்றைக் குறைவாகவும் திருப்பி அனுப்புகிறது. கண்ணோ அந்த அலைநீளங்களைத் தனித்தனியே எண்ணிப் பார்ப்பதில்லை. குறுகியவை, நடுத்தரமானவை, நீண்டவை என்று மூன்று விதமான உணர்வணுக்களால் மூன்று மொத்தக் கணக்கை மட்டும் மூளைக்குச் சொல்கிறது. தாமஸ் யங் என்ற ஆங்கில வைத்தியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை ஊகித்தார்; பின்னர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் விரித்தார். நிறமாலை முழுவதும் மூன்றே எண்களில் அடங்கிவிடுவதால், முற்றிலும் வேறான இரண்டு பொருள்கள் ஓர் ஒளியில் அந்த மூன்று எண்களையும் ஒரேபடியாகத் தந்து ஒரே நிறமாகத் தோன்றலாம். ஒளியை மாற்றினால் வேஷம் கலைந்துவிடும். இதை மெட்டாமெரிஸம் என்பார்கள். தமிழில் போலியொப்புமை என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக்கடை விளக்கின் கீழே புடவைக்கு அச்சாகப் பொருந்திய ரவிக்கைத் துணி, வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்ததும் வேறு நிறமாகி நின்று கேலி செய்வது இதனால்தான். பட்டின் சாயம் ஒன்று, ரவிக்கைத் துணியின் சாயம் வேறு.

சிப்பாய் பொம்மையின் விஷயத்தில் போலியொப்புமையைத் தவிர்க்கவே வழியில்லை. அசல், கம்பளியில் ஏறிய சாயங்கள். நகல், பிசினில் மிதக்கும் நிறமிகள். ஜன்னலோரத்துப் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகும்படி குழைத்த வர்ணம், மஞ்சளாக எரியும் இழை விளக்கின் கீழே பிரிந்துபோகும். இன்றைய எல்.ஈ.டி. விளக்கின் வெளிச்சத்தில் நீலத்தில் ஒரு கூர்மையான சிகரமும் அப்பால் மஞ்சளில் ஒரு மேடும் இருப்பதால், அதன் கீழே இன்னொரு விதமாகப் பிரியும். எல்லா ஒளியிலும் பொருந்தும் வர்ணத்தைத் தேடுவது வீண். பொம்மை எந்த விளக்கின் கீழே நிற்கப் போகிறதோ அந்த விளக்கின் கீழேயே வர்ணத்தைக் குழைப்பதுதான் உசிதம்.

சாட்சிகளுக்கு வருவோம். முதல் சாட்சி, எஞ்சியிருக்கும் துணி. பெர்லின், டிரெஸ்டன், லண்டன் முதலிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் அசல் உடுப்புகள் இருக்கின்றன. கண்ணால் கண்டதைவிட வேறு பிரமாணம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் கண்ட கண்ணையே குறுக்கு விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. துணிகள் வெளுத்துவிடக் கூடாதே என்று காட்சிக்கூடங்களில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குள் அடக்கி வைப்பது வழக்கம். நடுப்பகல் வெயிலோ ஒரு லட்சம் லக்ஸை எட்டும். அந்த மங்கலில் எல்லா நிறமும் ஒடுங்கித்தான் தெரியும். துணியும் பழைய துணி. சாயத்தின் மூலக்கூறு ஒளியை விழுங்கும் ஒவ்வொரு தடவையும் சிதைந்துபோகும் அபாயத்துக்கு ஆளாகிறது. காற்றின் பிராணவாயுவும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன. எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் சிதைவதில்லை என்பதுதான் இதில் முக்கியம். மஞ்சள் இழைகள் முதலில் வெளுத்தால் சட்டை நீலம் பாரிக்கும். நீலம் முதலில் போனால் பழுப்பேறும். அலமாரியில் தொங்கும் பழுப்புச் சட்டை பழுப்பாகவே பிறந்ததா, பழுப்பாக மூத்ததா என்பதை மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாது.

அறிந்தவர்கள் பார்க்கும் இடமே வேறு. தோள்பட்டைச் சின்னத்தைத் தூக்கி அதன் அடியில் பார்ப்பார்கள், காலரைப் புரட்டுவார்கள், தையலுக்குள் மடிந்து வெளிச்சமே காணாத ஓரத்துணியைப் பார்ப்பார்கள். அங்கே இருக்கும் நிறத்துக்கும் முதுகுப்புறத்து நிறத்துக்கும் உள்ள தூரமே அந்தச் சட்டை பட்ட வெயிலின் கணக்கு. துணி எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கச் சாயத்தொழிலில் எட்டுத் துண்டு நீலக் கம்பளிகளை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். முதலாவது சீக்கிரமே வெளுத்துவிடும், எட்டாவது எளிதில் அசையாது. சோதிக்கும் துணியை அவற்றோடு சேர்த்து வெயிலில் வைத்து, எதனோடு சேர்ந்து அது வெளுக்கிறது என்று பார்ப்பார்கள். வெளுப்பின் உச்சத்தைக் காண விரும்புவோர் ஆப்பிரிக்காவுக்குப் போகவேண்டும். 1941 பிப்ரவரியில் திரிப்போலியில் இறங்கத் தொடங்கிய ஜெர்மானியத் தளபதி ரோமலின் படைக்குக் கொடுக்கப்பட்ட பருத்திச் சட்டை, பிறக்கும்போது ஆலிவ் பச்சை. பாலைவனத்து வெயிலும் சலவையும் அதை மணல் நிறமாக்கி, பிறகு ஏறக்குறைய வெள்ளையாக்கிவிட்டன. வெளுத்த தொப்பி பழைய ஆள் என்பதற்கு அடையாளம் ஆகிவிட்டபடியால், புதிதாக வந்தவர்களும் தொப்பியை வேண்டுமென்றே வெளுக்கச் செய்துகொண்டார்கள். ஆப்பிரிக்கச் சிப்பாயைத் தீட்டுகிறவர் சட்டைக்கு ஒரு நிறமும், வாருக்கு அடியில் மறைந்திருந்த இடத்துக்கு வேறு நிறமும் கொடுத்தால் அது மிகையாகாது.

கண்ணை நம்பாதவர்களுக்கு ஒரு கருவி இருக்கிறது. நிறமாலை ஒளிமானி என்னும் அது துணியின்மீது தெரிந்த ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு அலைநீளத்திலும் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்று அளந்து ஒரு வளைகோடாகத் தரும். அந்த வளைகோட்டிலிருந்து, எந்த விளக்கின் கீழே அது எந்த நிறமாகத் தோன்றும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். தோன்றுவது யாருக்கு என்று கேட்கிறீர்களா? 1931இல் சர்வதேச ஒளியியல் குழு ‘நியம நோக்கர்’ என்று ஒரு கற்பனை மனிதரைப் படைத்தது. ரைட், கில்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர் தனித்தனியே நடத்திய சோதனைகளில் 10 பேரும் 7 பேருமாக உட்கார்ந்து நிறங்களைப் பொருத்திக் காட்டினார்கள்; அந்த 17 பேரின் கண்கள்தாம் நியம நோக்கரின் கண். உலகத்துப் பெயிண்ட் கம்பெனிகள் இன்றும் நிறங்களை அளப்பது பெரும்பாலும் அந்தப் பதினேழு பேரின் புண்ணியத்தில்தான்.

இரண்டாவது சாட்சி வர்ணப் புகைப்படம். ஆக்ஃபா கம்பெனியின் வர்ணப் படச்சுருள் 1936இல் விற்பனைக்கு வந்ததால், யுத்தகாலத்து வர்ணப் படங்கள் நிறையவே கிடைக்கின்றன. இவற்றைக் காட்டி வாதாடுகிறவர்கள், படத்தில் இருப்பது துணியின் சாயமல்ல, படச்சுருளின் சாயம் என்பதை நினைவில் வைக்கவேண்டும். மஞ்சள், கருஞ்சிவப்பு, பச்சை கலந்த நீலம் என்ற மூன்று சாயங்களால் அது உலகத்தையே பிரதியெடுக்கிறது. அவையும் சமமாக மூப்படைவதில்லை. நடுப்பகல் வெளிச்சத்துக்கென்று செய்த சுருளில் மர நிழலில் நிற்கும் சிப்பாயைப் பிடித்தால், மேலே திறந்த வானத்தின் நீலம் சட்டையின்மேல் படிந்துவிடும். இப்படிப்பட்ட சாட்சியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஏதாவது உண்டா என்று தேடவேண்டும். கையில் ஒரு கடிதமோ, கட்டுத்துணியோ இருந்து, அது சிவப்போடிக் காணப்பட்டால், சட்டையிலிருந்தும் அவ்வளவு சிவப்பைக் கழித்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் படங்கள் நிறத்தைப் பற்றிச் சொல்வது சொற்பம். எனினும் ஒரு படத்திலேயே சட்டையும் கால்சட்டையும் வெவ்வேறு சாம்பலாகத் தெரிந்தால் அவை வெவ்வேறு துணி என்பது நிச்சயம். தோள்பட்டை ஓரத்தில் காலாட்படைக்கு வெள்ளை, டாங்கிப் படைக்கு இளஞ்சிவப்பு, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள் என்று ஓடும் மெல்லிய கோடுகள் அந்தப் படங்களில் எல்லாமே ஏதோ ஒரு வெளிர் சாம்பலாகிவிடுவதால், அங்கே எழுத்தில் உள்ள உத்தரவுகளே துணை.

உத்தரவுகள் என்றதும் தலைக்கவசம் நினைவுக்கு வருகிறது. முதலில் ஆப்பிள் பச்சையில் வழவழப்பாக இருந்த அதன் பூச்சு, 1940இல் பளபளப்பற்ற சொரசொரப்பான கருஞ்சாம்பலாக மாற்றப்பட்டது. பக்கத்தில் ஒட்டியிருந்த தேசியக்கொடிச் சின்னம் அதே ஆண்டிலும், கழுகுச் சின்னம் 1943இலும் நீக்க உத்தரவாயின. இந்தப் பொம்மைகளைத் தீட்டுகிறவர்கள் ஹிட்லரின் ராஜ்யத்தைக் கொண்டாடுகிறார்களோ என்று சிலர் ஐயுறுவதுண்டு. ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு அந்த ராஜ்யத்தின் சின்னங்களைப் பகிரங்கமாகக் காட்டுவதைத் தடுக்கிறது. கலை, ஆராய்ச்சி, கல்வி ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நான் அறிந்தமட்டில், இந்த விரதம் பிடித்தவர்களுள் பலருக்கு அந்த ராஜ்யத்தின்மேல் உள்ள வெறுப்பும் குறைவில்லை, கால்சட்டையின் நிறம் பற்றிய கவலையும் குறைவில்லை.

காலரின் கரும்பச்சையைப் பற்றி முன்பு சொன்னேன். அதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. பாரிஸில் கோபெலான் திரைச்சீலைத் தொழிற்சாலையின் சாயப்பகுதிக்கு 1824இல் தலைவராக வந்த ஷெவ்ரேல் என்ற ரசாயன நிபுணரிடம், அங்கே தோய்க்கும் கறுப்பு நூலில் வலுவில்லை என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துக் குற்றம் காணாத அவர், நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்யப்படும்போதுதான் அந்தக் கறுப்பு சோபை இழக்கிறது என்று கண்டார். ஒரு நிறத்தின் அருகில் மற்றொன்றை வைத்தால், இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண் பெரிதாக்கிக் காட்டும் என்ற விதியை 1839இல் ஒரு பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார். களச் சாம்பலுக்கு இதைப் பிரயோகித்துப் பாருங்கள். கரும்பச்சைக் காலரின் அருகில், சட்டையிலுள்ள சிறிதளவு பச்சை கண்ணுக்குப் பின்வாங்கிவிடுகிறது. சட்டை சாம்பலாகவே தெரிகிறது. அதே துணியை, அதே துணியிலான காலரோடு, செம்பழுப்புத் தோல் பையின் அருகில் நிறுத்தினால் பச்சை எட்டிப் பார்க்கிறது. 1936ஆம் ஆண்டு மாதிரியைத் தீட்டுகிறவர் காலரைக் கடைசிக்கு விட்டுவைத்தால், வெறும் பிளாஸ்டிக்கின் பக்கத்தில் வைத்துச் சட்டையின் நிறத்தை நிர்ணயித்து, காலர் பூசிய மறுநிமிஷம் அது மாறிவிட்டதென்று திகைப்பார். காலரை முதலில் பூசுவது நலம்.

கடைசியாக ஒரு பிரபலமான நம்பிக்கையை ஆராய வேண்டும். சிறிய பொம்மைக்கு அசல் வர்ணத்தை அப்படியே பூசினால் மிகவும் கறுத்துத் தோன்றும், ஆகையால் வெள்ளை கலந்து வெளிறச் செய்யவேண்டும் என்பார்கள். காரணம், அசல் மனிதனை நாம் தூரத்தில் பார்க்கிறோம், இடையிலுள்ள காற்று வெண்மையைப் பூசிவிடுகிறது என்பார்கள். தூரத்து மலை வெளிறித் தோன்றுவது மெய்தான். காற்றின் இந்த வெண்திரையை 1924இல் கோஷ்மீடர் என்ற ஜெர்மானிய வானிலை அறிஞர் கணக்கில் அடக்கிக் காட்டினார். அந்தக் கணக்கை நம் பொம்மைக்குப் போட்டுப் பார்ப்போம். மிகவும் பரவலாக விற்கும் விகிதம் 1:35. (ஜப்பானியக் கம்பெனியான தமியா 1960களின் தொடக்கத்தில் செய்த பாந்தர் டாங்கிக்குள் பாட்டரியும் மோட்டாரும் அடங்க எவ்வளவு இடம் தேவையோ அதுவே அந்த விகிதத்தை நிர்ணயித்தது என்பது ஒரு வேடிக்கை.) ஐந்தே முக்கால் அடி மனிதன் இதில் 5 சென்டிமீட்டர் ஆகிறான். அவனை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, அசல் மனிதனைப் பத்தரை மீட்டர் தூரத்தில் பார்ப்பதற்குச் சமம். 20 கிலோமீட்டர் வரை தெளிவாகத் தெரியும் ஒரு நாளில், பத்தரை மீட்டர்க் காற்று சேர்க்கும் வெண்மை 500இல் ஒரு பங்கு. அதை எந்தக் கண்ணாலும் கண்டுபிடிக்க முடியாது. 1:700 விகிதத்தில் செய்த கப்பலானால் தூரம் 210 மீட்டராகி, வெண்மை 4 சதவீதத்தை எட்டும். கப்பல்காரர்கள் இதைச் சற்று மதிக்கலாம். சிப்பாய்க்காரர்கள் காற்றின்மேல் பழிபோடுவது நியாயமில்லை.

ஆயினும், பொம்மை கறுத்துத் தோன்றுகிறது என்ற அனுபவம் பொய்யல்ல. காரணம்தான் வேறு. வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ். சிப்பாய் நின்றது பதினாயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சத்தில். வெளிச்சம் குறையக் குறைய நிறத்தின் செறிவு குன்றித் தோன்றும் என்பதை ஹண்ட் என்பவர் 1952இல் அளந்து காட்டினார். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள முரணும் அவ்வாறே மங்குகிறது. போதாதற்கு, வெட்டவெளியில் சூரியன் ஒரு திசையிலிருந்து அடிக்க மடிப்புகளில் நிழல் கூர்மையாக விழும். வீட்டிலோ சுவர்களெல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலை அழித்துவிடுகின்றன. ஆதலால், மடிப்பின் முகட்டை வெளிறவும் பள்ளத்தை இருளவும் தீட்டும் கலைஞர், இல்லாத சூரியனைத் தூரிகையால் வரவழைக்கிறார். சட்டை முழுவதும் ஒரேயடியாக வெள்ளையைக் கலந்துவிடுகிறவரோ சாயம்போன சிப்பாயைத்தான் பெறுகிறார். அவன் ஆப்பிரிக்காவுக்குப் பொருந்தலாம், ருஷ்யப் பனிக்குப் பொருந்தமாட்டான். பளபளப்பையும் கவனிக்க வேண்டும்: எந்தப் பெயிண்டின் மேற்பரப்பும் நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தை நிறமேற்றாமல் திருப்பிவிடுகிறது. வழவழப்பான பூச்சில் அது ஒரு புள்ளியில் மின்னிவிட்டுப் போகும். சொரசொரப்பான பூச்சில் எங்கும் பரவி நிறத்தைச் சற்று வெளிறச் செய்யும். கறுத்த வர்ணத்தின்மேல் பளபளப்பற்ற வார்னிஷ் பூசியதும் அது வெளுத்துப் போவது இதனால்தான். எனவே வார்னிஷ் பூசிக் காய்ந்த பிறகே வர்ணத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

நடைமுறையில் செய்யத்தக்கது என்ன? யுத்தத்தின் தொடக்கத்துச் சிப்பாய்க்குப் பச்சை சாய்ந்த சட்டை, கரும்பச்சைக் காலர், சாம்பல் சாய்ந்த கால்சட்டை. 1941, 42க்குச் சட்டையும் கால்சட்டையும் ஒரே நிறப் பிரதேசத்தில், ஆனால் ஒரே புட்டியிலிருந்து அல்ல, ஏனென்றால் அவை இரண்டும் ஒரே ஆலையில் நெய்யப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. 1944இன் இறுதியில் பின்வாங்கி வரும் ஓர் அணியில் ஆறு பேரைத் தீட்டுகிறவர், நடுவாந்தரமான சாம்பல் பச்சை ஒன்றைக் குழைத்து ஆறு பங்காக்கி, ஒன்றில் ஒரு துளி நீலம், ஒன்றில் காவி, ஒன்றில் வெள்ளை என்று சேர்த்து, ஒருவனுக்குப் பழுப்பு சாய்ந்த புதிய குட்டைச் சட்டையும், ஒருவனுக்கு இத்தாலியத் துணியும் கொடுக்கலாம். தீட்டி முடித்து ஆறு பேரையும் அலமாரி விளக்கின் கீழே வரிசையாக நிறுத்திப் பார்க்கும்போது, எவனாவது இருவர் சட்டை அச்சாக ஒத்துப்போனால், அவர்களில் ஒருவனை எடுத்து மறுபடி தீட்டவேண்டும்.